வகுப்புக்கு வெளியே செய்த பணிக்கு அங்கீகாரமும் நிதியும் பெறும் வழி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்று படிப்பவர்கள், தங்கள் கல்லூரி எந்த அரசின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில், மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் தமிழ்நாடு அரசினுடையது; புதுச்சேரியோ தனி அரசுள்ள ஒன்றியப் பகுதி.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 2 ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையையும் 7 நாள் சிறப்பு முகாமையும் முடிக்க வேண்டும். கல்லூரிப் பதிவேட்டை மட்டும் நம்பாமல், சொந்தக் குறிப்பேட்டிலும் தேதியுடன் திட்ட அலுவலரின் கையொப்பத்தைப் பெற்று வைப்பது நல்லது. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் உள்ள இணையப் பாடங்களுக்கு, ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடமளிக்கிறது. ஆயினும் பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

நிதி கேட்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடலூர் சில்வர் பீச்சைத் தூய்மைப்படுத்தத் திட்டமிட்டால், கையுறை, சாக்கு, வண்டி வாடகை, குடிநீர் ஆகியவற்றின் விலையைக் கடைகளில் விசாரித்துத் தனித்தனியே எழுதி, பொறுப்பாசிரியர் வழியாகக் கல்லூரி முதல்வருக்கு நிகழ்ச்சிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்த செலவுக்குப் பின்னர் பணம் கேட்பது பெரும்பாலும் வீண் அலைச்சல். ரசீதுகளை நகலெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

வேலைக்கான தன்விவரக் குறிப்பில் "தன்னார்வலர்" என்று மட்டும் எழுதாமல், எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், எவ்வளவு தொகைக்குக் கணக்குக் காட்டினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.