புது இன்ஜின் மாட்டிய பிறகு ஆடிய என் பழைய படகு

என் பழைய ஃபைபர் படகில் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டினேன். குதிரைத்திறன் அதேதான், எடை மட்டும் 40 கிலோ கூடுதல். அன்றிலிருந்து பின்பக்கம் அமுங்கிவிட்டது. வேகமெடுத்தால் முகப்பு எழுவதும் விழுவதுமாகத் துள்ளும். நிற்கும்போது ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்தாலே சாயும்.

இதைச் சரிசெய்ய டிரிம் டேப் (படகின் பின்விளிம்பில் மாட்டி, ஓடும்போது அதன் சாய்வைச் சீராக்கும் தகடு) வாங்கத்தான் நினைத்தேன். நல்லவேளை, அதற்கு முன் தரைப்பலகையில் ஒரு துளை போட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு துண்டு ஃபோமை எடுத்துப் பிழிந்தால், விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. மிதக்க வைக்க வேண்டியதே பாரமாகிவிட்டது! தரையைப் பெயர்த்து அத்தனையையும் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, நீர் உறிஞ்சாத ஃபோம் வைத்தேன். பாதிச் சாய்வு அதோடு போயிற்று.

அப்புறம் இரண்டு பேட்டரிகளையும் பின்பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். கேபிள் நீண்டால் மின்னழுத்தம் குறையும். அதனால் தடிமனான கேபிள்தான் போட வேண்டும், இதில் சிக்கனம் கூடாது.

ப்ரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிப்பாகத்தைவிட 4 செ.மீ. கீழே இருந்தது. இன்ஜினை அதன் போல்ட் துளைகளில் இரண்டு துளை உயர்த்தி, தட்டையும் அடிப்பாகத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். துள்ளல் நின்றது. கடைசியில் டிரிம் டேப் தேவைப்படவே இல்லை.

டேங்க் பாதியாக இருக்கும்போது மட்டும் திருப்பத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஓடி இழுக்கிறது. அடுத்து, உள்ளே தடுப்பு வைத்த டேங்க் மாட்டப் போகிறேன்.