லாவா எந்த வழியில், எவ்வளவு தூரம் வரும்? ரெயூனியன் எரிமலையில் கணக்கிடும் முறை

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவின் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் அடிக்கடி வெடிக்கும் எரிமலை. பெரும்பாலும் லாவா அங்லோ ஃபூக்கே என்ற ஆளில்லாப் பள்ளத்துக்குள்ளேயே ஓடி உறைந்துவிடும். ஆனால் அந்தப் பள்ளத்தின் கடலோரச் சரிவைக் குறுக்கே கடந்து போகிறது, சேந்த் ரோஸையும் சேன் ஃபிலிப்பையும் இணைக்கும் ஆர்.என்.2 சாலை. 2007 ஏப்ரலில் லாவா அந்தச் சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. 1977-இல் பள்ளத்துக்கு வெளியே வெடித்து பித்தோன் சேந்த் ரோஸ் ஊருக்குள்ளேயே புகுந்தது. அதனால் வெடிப்பு தொடங்கியதும் நிர்வாகத்துக்கு இரண்டு விடை உடனே வேண்டும்: எந்த வழி, எவ்வளவு தூரம். இரண்டுக்கும் கணக்கு வேறு.

முதலில் வழி. இதற்கு டவுன்ஃப்ளோ என்ற கணினி நிரல் போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெடிப்பு வாயிலிருந்து மிகச் செங்குத்தான இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இறங்கும். ஒரே கோட்டை நம்ப முடியாது. லாவா பள்ளங்களை நிரப்பி வழிந்து திசை மாறும். ஆகவே தரை உயரத் தரவின் ஒவ்வொரு கட்டத்தையும் 2 மீட்டர் வரை தோராயமாக ஏற்றியோ இறக்கியோ 10,000 முறை ஓட்டுங்கள். ஒரு கட்டத்தைக் கோடுகள் எத்தனை முறை தொட்டன என்பதே அந்த இடத்துக்கான வாய்ப்பு.

இங்கே பிழை பெரும்பாலும் பழைய தரை உயரத் தரவால் வரும். முந்தைய வெடிப்பின் லாவா பல மீட்டர் உயர மேடாக நிற்கும், புது ஓட்டம் அதன் ஓரமாக ஒதுங்கிப் போகும். தரவில் அந்த மேடு இல்லாவிட்டால் கோடு நேராக அதன் மேலேயே போய்விடும். ஒவ்வொரு வெடிப்பும் ஓய்ந்ததும் டிரோன் படங்களால் தரவைப் புதுப்பித்து வையுங்கள். வாயின் இடமும் அப்படித்தான். முகடு அருகே 100 மீட்டர் தள்ளிக் குறித்தால் ஓட்டம் வேறு ஓடைக்குள் இறங்கிவிடும். வாய் நீண்ட பிளவாக இருந்தால் அதன் இரு முனைகளிலிருந்தும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். நிலப்பிளவுகளை எந்தத் தரவும் முழுதாகக் காட்டாது. 2014-இல் ஹவாயின் பஹோவாவை நோக்கி வந்த லாவா அப்படிப்பட்ட பிளவுகளுக்குள் விழுந்து, கணித்த பாதையை விட்டு விலகியது.

அடுத்தது, விநாடிக்கு எவ்வளவு லாவா வெளிவருகிறது என்பது. தூரத்தைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதலிடம். செயற்கைக்கோள் அளக்கும் வெப்பக் கதிர்வீச்சிலிருந்து இதைக் கணக்கிடலாம். எரிமலை வெப்பத்தைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கும் மிரோவா அமைப்பு தரும் மெகாவாட் எண்ணை எடுங்கள். 50 சதவீத சிலிக்கா உள்ள பாசால்ட் லாவாவுக்கு ஒரு கன மீட்டர் வெளிவந்தால் சுமார் 14 கோடி ஜூல் கதிர்வீச்சாகப் போகும். ஆக 1,400 மெகாவாட் என்றால் விநாடிக்கு 10 கன மீட்டர். பிழை கூட்டியோ குறைத்தோ 50 சதவீதம். எனவே 5 முதல் 15 வரை என்றே எழுதுங்கள், 10 என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மெல்லிய மேகம்கூட எண்ணைக் குறைத்துவிடும், குகைக்குள் ஓடும் லாவாவின் வெப்பம் வெளியே தெரியாது. வெடிப்பின் முதல் சில மணி நேரத்தில் லாவா இன்னும் பரவியிருக்காது. அப்போதும் எண் குறைவாகத்தான் வரும். ஆகவே குறைந்த எண்ணைப் பார்த்து ஆபத்து குறைந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் பார்த்து முடிவெடுங்கள்.

இந்த எண்ணோடு, லாவா குளிர்ந்து நிற்பதைக் கணக்கிடும் ஃப்ளோகோ நிரலை, டவுன்ஃப்ளோ தந்த கோட்டின் மேல் ஓட்டுங்கள். லாவா போகப் போகக் குளிரும், படிகம் கூடும், பாகு கெட்டியாகும், வேகம் குறையும். வேகம் பூஜ்ஜியமாகும் இடமே எல்லை. வேகத்தைக் கையாலேயே சரிபார்க்கலாம்: அடர்த்தி, 9.8, தடிமனின் வர்க்கம், சரிவின் சைன் ஆகியவற்றைப் பெருக்கி, பாகுநிலையின் (லாவா எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். அடர்த்தி கன மீட்டருக்கு 2,000 கிலோ, பாகுநிலை 1,000 பாஸ்கல் விநாடி, சரிவு 10 டிகிரி, தடிமன் 1 மீட்டர் என்றால் விநாடிக்கு 1.1 மீட்டர் வரும். தடிமனை 2 மீட்டராக்கினால் 4.5 ஆகிவிடும். தடிமனை உத்தேசமாகப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

இது கால்வாயில் ஓடும் லாவாவின் வேகம். முகப்பு, அதாவது ஓட்டத்தின் முன்முனை, இதைவிட மிக மெதுவாகத்தான் நகரும். சாலையை எப்போது எட்டும் என்று சொல்ல முகப்பின் இடத்தை நேரத்தோடு குறித்து, இரண்டு குறிப்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் கைகொடுக்கும். புது லாவா படிந்த இடத்தில் இரு படங்களுக்கு இடையிலான ஒத்திசைவு (ரேடார் அலைகள் ஒன்றுபோல் திரும்புவது) அறுந்துவிடும். ஆனால் கடலோரக் காட்டுப் பகுதியில் செடிகொடிகளாலும் அது அறும், அங்கே ரேடாரை மட்டும் நம்ப வேண்டாம்.

வரைபடத்தில் 5, 10, 15 கன மீட்டருக்கான எல்லைகளைத் தனித்தனியாகக் காட்டுங்கள். தரைத் தரவின் தேதி, வாயின் இடம், ஓட்டிய நேரம் மூன்றும் அதிலேயே இருக்கட்டும். புதிய வாய் திறந்தாலோ, வெளியேற்றம் அந்த வரம்பைத் தாண்டினாலோ பழைய படத்தைத் திரும்பப் பெற்றுப் புதிதாக ஓட்டுங்கள். எரிமலையின் நில அதிர்வு ஓய்ந்த உடனே சாலையைத் திறக்கச் சொல்லாதீர்கள். வாய் அடைபட்ட பிறகும் கால்வாயில் மிச்சமிருக்கும் லாவா வடிந்து முகப்பை மணிக்கணக்கில் தள்ளும். அடுத்தடுத்த அளவீடுகளில் முகப்பு அசையவில்லை என்று உறுதியான பிறகே சொல்லுங்கள்.