கை வீங்கும் முன்பே கண்டுபிடிக்க: மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வீட்டிலேயே கை அளக்கும் முறை

வாட்ச் பட்டையை ஒரு ஓட்டை தள்ளி மாட்டத் தொடங்கியிருந்தேன். வெயிலுக்குக் கை உப்பியிருக்கிறது என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து அப்போது 14 மாதம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் "கையில் வீக்கம் வந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எங்கே அளப்பது, எவ்வளவு ஏறினால் வீக்கம் என்று ஒன்றும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் டேப் வைத்துப் பார்த்தபோது முழங்கைக்குக் கீழே இரண்டு கைக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். கண்ணாடியில் தினமும் பார்த்த கைதான், என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

கண்ணை நம்பாமல் டேப்பை நம்புவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

விஷயம் சுருக்கமாக: "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்துவிட்டால், அல்லது கதிர்வீச்சில் அங்கே தழும்பு விழுந்தால், கையிலிருந்து வடியவேண்டிய நிணநீர் தேங்குகிறது. இதுதான் லிம்ஃபெடீமா. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. சென்டினல் கணுவை (மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு) மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்தில் தலைகாட்டும், பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. ஆரம்பத்தில் கையை உயர்த்தி வைத்தாலே வடியும். கவனிக்காமல் விட்டால் உள்ளே கொழுப்பும் நாரும் சேர்ந்து இறுகிவிடும், அப்புறம் தூக்கி வைத்தாலும் இறங்காது.

தேவையானவை

இழுத்தால் நீளாத டேப். பழைய துணி டேப் வேண்டவே வேண்டாம், வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் ஒரு நீள ஸ்கேல், புருவம் தீட்டும் பென்சில், ஒரு நோட்டு. பேனாவால் குறித்தால் லேசில் போகாது, தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகும். இந்தக் கையில் தோல் கீறுவதுதான் நமக்கு ஆகாதது. செயலிகள் இரண்டு மூன்று முயன்றேன், போன் மாற்றியபோது எல்லாம் போயிற்று. நோட்டுதான் என் கட்சி.

1. நேரம்

மாதம் ஒருமுறை, காலையில், குளிப்பதற்கும் உடற்பயிற்சிக்கும் முன்னால். மாலையில் கை இயல்பாகவே கொஞ்சம் கூடும். ஒரு மாதம் காலை, மறு மாதம் மாலை என்று அளந்தால் பயம்தான் மிஞ்சும்.

2. தொடங்கும் இடம் (நான் சறுக்கிய இடம்)

முதலில் "முழங்கைக்கு மேல் நான்கு விரல்" என்று வைத்து அளந்தேன். ஒரே வாரத்தில் 27.5, 28.6, 27.1 என்று வந்தது. நோய் வருகிறதா போகிறதா என்றே புரியவில்லை. கோளாறு கையில் இல்லை, அளந்த இடத்தில். மேல்கை போகப்போகப் பருத்துக்கொண்டே போகிறது. டேப் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் எண் மாறிவிடும். போதாததற்கு, முழங்கையை மடக்கினால் ஓர் இடம், நீட்டினால் வேறோர் இடம்.

எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளங்கையைக் கீழ்ப்பார்த்து மேசைமேல் வையுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். எடை கூடினாலும் குறைந்தாலும் அது இடம் மாறாது. அதன் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் பூஜ்யம். கையை நேராக நீட்டியபடி ஸ்கேலைக் கையோடு படுக்கவைத்து 4 செ.மீ.க்கு ஒரு கோடு, அக்குளுக்கு அருகில் வரை. எனக்குப் பத்துக் கோடு வரும். இன்னொரு கைக்கும் அதே மாதிரி. ஸ்கேலுக்குப் பதில் டேப்பைத் தோலோடு ஒட்டி அளந்தால் வளைவில் தூரம் கூடிப்போகும், அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

3. டேப்பின் இறுக்கம்

டேப்பைக் கோட்டின்மேல் சுற்றி, தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் விடுங்கள். எடுத்தபின் தோலில் பள்ளம் தெரிந்தால் இறுக்கிவிட்டீர்கள். கை தளர்ந்திருக்க வேண்டும், முஷ்டி கூடாது. எண்ணை வேறு யாராவது எழுதினால் நல்லது. நாமே எழுதினால் போன மாத எண்ணை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு டேப்பை அதற்கேற்ப இழுப்போம். நான் இழுத்திருக்கிறேன்.

உள்ளங்கையைச் சுற்றி ஒரு அளவும் எடுங்கள், கட்டைவிரலை விட்டுவிட்டு. சிலருக்கு வீக்கம் அங்கேதான் தொடங்கும்.

4. கணக்கு

பயப்பட வேண்டாம், கால்குலேட்டர் போதும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் சுற்றளவு 16, 18 என்று வைத்துக்கொள்வோம். 16×16=256, 16×18=288, 18×18=324. கூட்டினால் 868. அதை 4-ஆல் பெருக்கி 37.7-ஆல் வகுத்தால் சுமார் 92. கையின் அந்தத் துண்டில் 92 மில்லி. இப்படி எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கையின் கொள்ளளவு.

எண் ஏறினாலே வீக்கம் என்று நினைக்காதீர்கள். எனக்கு சிகிச்சைக்குப் பிறகு எடை கூடியது. அறுவைப் பக்கம் 2000-இலிருந்து 2150 ஆனது, நல்ல கை 1950-இலிருந்து 2090. ராத்திரி தூக்கம் போயிற்று. விகிதம் எடுத்துப் பார்த்தால் முன்பு 2000÷1950=1.026, இப்போது 2150÷2090=1.029. மாற்றம் அரை சதவீதம்கூட இல்லை, இரண்டு கையும் சேர்ந்துதான் பருத்திருக்கிறது. அதே இடத்தில் 2200-ம் 1960-ம் வந்திருந்தால் விகிதம் 1.122, அதாவது முதல் விகிதமான 1.026-ஐவிட ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றம். அது வேறு கதை.

10 சதவீதத்தைப் பல இடங்களில் நோய் என்று சொல்லும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். நான் அதுவரை காத்திருப்பதில்லை. 5-ஐத் தாண்டினால் இரண்டு நாள் கழித்து மறுபடி அளப்பேன், அப்போதும் அப்படியே இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் போய்விடுவேன்.

5. டேப் பிடிக்காதவை

கை கனமாக இருப்பது, தோல் இழுத்துப் பிடிப்பது, மோதிரம் கழலாதது, சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது, பிரா பட்டையின் தடம் நெடுநேரம் மறையாதது. அளவு மாறாவிட்டாலும் இவற்றை நோட்டில் எழுதுங்கள். கனம்தான் பலருக்கு முதலில் வருவது.

கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் டேப்பைத் தொடாதீர்கள். அது தோல் தொற்று, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கை திடீரென்று வலியோடு வீங்கினாலும் அப்படித்தான். ரத்தக்குழாயில் ரத்தம் உறையவில்லை, புற்றுநோய் திரும்பவில்லை என்று முதலில் உறுதியாக வேண்டும்.

இடையில் ஒன்று. "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று எனக்கும் சொன்னார்கள், ஒரு வருடம் பையைக்கூட மாற்றிப் பிடித்தேன். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே லிம்ஃபெடீமா இருந்த பெண்கள் மேற்பார்வையில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. இப்போது நானும் தூக்குகிறேன், பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு.

பிற்சேர்க்கை 1: "அறுவைக்கு முன் யாரும் அளக்கவில்லை, நான் என்ன செய்ய?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். எனக்கும் அளக்கவில்லை. மேலே உள்ள 2000-ம் 1950-ம் வீக்கத்துக்குச் சிகிச்சை ஆரம்பித்து அது இறங்கிய பிறகு எடுத்தவை. இன்றைக்கு அளந்து அதையே முதல் எண்ணாக வையுங்கள். புழங்கும் கை இயல்பாகவே சற்றுப் பெரிது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அறுவை இனிமேல்தான் என்றால் இந்த வாரமே அளந்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: இரண்டு பக்கமும் அறுவை ஆனவருக்கு ஒப்பிட நல்ல கை இல்லையே என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். எனக்குத் தோன்றாத விஷயம். அவர்கள் கையின் கொள்ளளவை அன்றைய உடல் எடையால் வகுத்து, அந்த விகிதத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். அதனால் நோட்டில் எடைக்கும் ஒரு பத்தி போடுங்கள்.

பிற்சேர்க்கை 3: வீக்கம் என்று தெரிந்ததும் தானே கம்ப்ரஷன் ஸ்லீவ் (கையை அழுத்திப் பிடிக்கும் உறை) வாங்கி மாட்டிய ஒருவருக்குக் கை இறங்கி, உள்ளங்கை வீங்கிவிட்டது. ஸ்லீவ் மேலே அழுத்தும்போது நீர் கீழே போய்த் தேங்கலாம், சிலருக்குக் கையுறையும் சேர்த்து வேண்டும். அளவெடுத்துத் தருபவரிடமே வாங்குங்கள், போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள்.