நல்லதங்காள் கதையை அவையில் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லதங்காள் கதைப்பாடலை வாசிக்க எழுகிறவர்கள் பலர் முதல் அடியிலேயே அழத் தொடங்கிவிடுகிறார்கள். பஞ்சத்தைச் சொல்லும்போதே குரல் தழுதழுக்கிறது. ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி அவள் நடக்கையில் விம்மல். பிறகு அண்ணன் மனைவி மூளியலங்காரி கதவைச் சாத்தும் இடத்துக்கும் கிணற்றங்கரைக்கும் கொடுக்க அவர்களிடம் எதுவும் மிச்சமிருப்பதில்லை. பெரிய தவறு இதுதான். அழுகை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பஞ்சத்தை நிதானமாக, நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வரும் அடிகளை வெட்டுவது. மற்றப் பிள்ளைகளையும் இப்படியே கிணற்றில் போட்டாள் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை. வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது, முடிவு ஊரறிந்தது. அவையைக் கட்டிப்போடுவது என்ன நடக்கும் என்ற ஆவல் அல்ல, இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று மனத்துக்குள் ஓடும் எண்ணிக்கை. நேரம் போதாதென்றால் முன்கதையை உரைநடையில் சுருக்கிச் சொல்லிவிட்டு, இந்தப் பகுதியை முழுதாக வாசியுங்கள். ஆனால் ஏழு முறையும் ஒரே ஓட்டம் கூடாது. முதல் இருவருக்கு மெதுவாகத் தொடங்கி, நடுவில் விரைவு கூட்டி, உயிருக்குக் கெஞ்சும் பிள்ளையிடம் வந்ததும் நிறுத்துங்கள். அந்த இடைவெளியை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கீச்சுக்குரல் வேண்டாம், அவை சிரித்துவிடும். மூளியலங்காரியும் கத்த வேண்டியதில்லை. தணிந்த, அவசரமில்லாத குரலில் அவள் பேசும்போதுதான் கொடுமை உறைக்கிறது.

ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலை ஒரே மாதிரி இறக்குவது இன்னொரு பழக்கம். சந்தம் தானாகவே கேட்கும்; நீங்கள் பொருள் முடியும் இடத்தில் நிறுத்தினால் போதும். அடி பிரிக்காமல் அச்சிட்ட பிரதி கையில் கிடைத்தால், எதுகையைப் பார்த்து முந்தைய நாளே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டைக் கேட்டுவிட்டு அதே வேகத்தில் தனியாக வாசிப்பவர்களும் உண்டு. அங்கே குடமும் உடுக்கையும் ஒலிக்கின்றன, பின்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார். பாடுபவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது, கேட்பவருக்குக் காட்சியை மனத்தில் வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தனியாக நிற்பவர் அந்த நேரத்தைத் தானே விட வேண்டும், குறிப்பாகப் பேசும் பாத்திரம் மாறும் இடங்களில்.