பனியில் விடக்கூடிய செடி எது? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து கற்றாழையையோ நாகதாளியையோ மண்ணோடு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர நினைக்காதீர்கள். மண்ணுக்கு இங்கே அனுமதியில்லை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அடுக்குமாடியில் இருந்தால் பல்கனியில் பூச்சாடி வைக்கலாமா என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சரி, இனி எங்களுக்கு நடந்தது.

முதல் வருடம் செப்டம்பரில் அம்மா ஆசைப்பட்டு ஆறு சாடி வாங்கினோம். தாமரை மாதிரி அடுக்கடுக்காகத் தடித்த இலை. "ஹென்ஸ் அண்ட் சிக்ஸ் (கோழியும் குஞ்சுகளும்), பனியில் விடலாம்" என்றார் விற்றவர். நம்பி வெளியே விட்டோம். நவம்பரில் ஒரே ஒரு இரவு மைனஸ் 8. காலையில் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. மத்தியானம் தொட்டால் அவித்த வெண்டிக்காய். அம்மா ஒவ்வொரு சாடியாகத் தூக்கிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தாயைச் சுற்றிக் குட்டி போடும் இரண்டு செடிகளை இங்கே அந்த ஒரே பெயரில் விற்கிறார்கள். செம்பர்விவம் ஐரோப்பிய மலைகளில் பனிக்கடியில் கிடந்து பழகியது, மைனஸ் 30ஐயும் தாங்கும். எச்செவேரியா மெக்சிகோப் பக்கத்துச் செடி, கடும் உறைபனியில் ஒரு இரவு தாங்காது. எங்களுக்குக் கிடைத்தது அதுதான். விற்கிறவருக்கே வித்தியாசம் தெரியாதபோது நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். இலை விளிம்பைப் போன் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணிமை போல வரிசையாகப் பொடி மயிர் தெரிந்தால் செம்பர்விவம். விளிம்பு வழவழவென்று, இலை தடித்து, விரலில் வெள்ளை மா ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

செம்பர்விவத்தைக் குளிருக்கு இரங்கி வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஹீட்டர் சூட்டில், வெளிச்சம் போதாமல் நெட்டுக்கு வளர்ந்து கெட்டுப்போகும். அதற்கு ஆகாதது ஈரம்தான். மண்ணில் பாதிக்குச் சிறுகல் கலந்து, அடித்தட்டை எடுத்துவிட்டு, மழை விழாத சுவரோரம் வையுங்கள். அக்டோபர் கடைசியில் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். சுட்ட மண்சாடி வேண்டாம், ஊறிய ஈரம் உறைந்து வெடித்துவிடும்.

நாகதாளிக்கு ஏங்குகிறவர்களுக்கு ஒன்று: ஒன்ராறியோவின் பாயின்ட் பீலி தேசியப் பூங்காவில் ஒரு வகை தானாகவே வளர்கிறது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அங்கே கை வைக்காதீர்கள்; நர்சரியில் கேளுங்கள். குளிர் வந்தால் செடி தனக்குள் இருக்கும் தண்ணீரைக் குறைத்துச் சுருங்கி, தரையோடு படுத்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள், மே மாதம் நிமிரும். எங்களுடையது போன ஜூனில் மஞ்சளாகப் பூத்தது. அம்மா படம் எடுத்து மன்னாரில் இருக்கும் சித்திக்கு அனுப்பினார், "எங்கட வேலிப் பூ" என்று.