டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும் முன் இதைப் பாருங்கள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது என் வேலை. மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் நிராகரிப்புக் கடிதங்களில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம், அட்மிஷனின்போது எழுதிய ஒற்றை வரி.

டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்பார். கூட வந்த மச்சான், "அஞ்சு வருஷம் இருக்கும்" என்பார். அது அப்படியே ஏறிவிடும். பாலிசி எடுத்து மூன்று வருடம்தான் ஆகிறதென்றால், முன்பே இருந்த நோயை மறைத்ததாகக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதனால் சுகர், பிரஷர் முதன்முதலில் தெரிந்தபோது எடுத்த லேப் ரிப்போர்ட்டைப் பையில் வையுங்கள். தேதி தெரியாவிட்டால், "சரியாகத் தெரியாது" என்றே எழுதச் சொல்லுங்கள். நிஜமாகவே ஐந்து வருடம் என்றால் ஐந்து என்றே சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். பாலிசி விடாமல் 60 மாதம் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது.

அடுத்தது கேள்விக்குறி. ஸ்டீராய்டு போட்டதால் சுகர் ஏறியிருக்கும், டாக்டர் "டைப் 2 நீரிழிவு?" என்று சந்தேகமாக எழுதியிருப்பார். டைப் செய்யும்போது கேள்விக்குறி விடுபட்டுவிட்டால், நோய்களுக்கு எண் தரும் ஐசிடி-10 பட்டியலில் ஆர்73 ஆக வேண்டியது இ11 ஆகிவிடும். முதலாவது ரத்தச் சர்க்கரை கூடியிருப்பது மட்டும். இரண்டாவது டைப் 2 நீரிழிவு. அப்பாவுக்கு இருந்த நோய் உங்கள் பெயரில் ஏறுவதும் இப்படித்தான். கம்ப்யூட்டர் பதிவுக்கான மருத்துவச் சொல் தொகுப்பான ஸ்நோமெட் சிடியில் சந்தேகம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிக்கலாம். இந்தியா 2014 முதல் அதில் உறுப்பினர். ஆனாலும் சரியானதைத் தேர்ந்தெடுப்பது மனிதர்தான்.

பெயர், வயது, சிகிச்சை செய்தது இடது பக்கமா வலது பக்கமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தவறு இருந்தால் சம்மரியை மட்டும் மாற்றினால் போதாது. கம்பெனி கேஸ் ஷீட்டையும் கேட்கும். சிகிச்சை செய்த டாக்டரே பழைய வரி தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, திருத்தி, தேதியுடன் கையெழுத்திட வேண்டும். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். டிஸ்சார்ஜ் அன்று யாருக்கும் நேரம் இருக்காது; முந்தின நாள் மாலையே டிராஃப்ட் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால், முதல் லேப் ரிப்போர்ட்டுடன் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுங்கள். ஆவண நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவும் கைவிட்டால், ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.