வீட்டில் சேர்ந்திருக்கும் கேசட், விசிடி, டிவிடிகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றலாமா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பரணையோ பீரோவின் அடித்தட்டையோ திறந்தால் மூன்று காலத்துச் சாதனங்கள் ஒன்றாகக் கிடக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ கொண்டுவந்த டெக்கில் போட்டுப் பார்த்த விஎச்எஸ் கேசட்டுகள், 2000ஆம் ஆண்டை ஒட்டி வாங்கிய விசிடிகள், அதன் பிறகு சேர்த்த டிவிடிகள். வீட்டுக்குப் பெரிய தொலைக்காட்சி வந்தவுடன், இவற்றையெல்லாம் டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் ப்ளூ-ரே வட்டாகவோ, அதைவிடவும் தெளிவான 4கே வட்டாகவோ, கணினிக் கோப்பாகவோ மாற்றிவிடலாமா என்ற கேள்வி எழுகிறது. மொத்தத் தொகுப்புக்கும் ஒரே விடை சொன்னால் பணமும் வீணாகும், போகக் கூடாதது போயும் விடும். ஒவ்வொன்றின் மூலப் பிரதி எது, அந்த மூலம் இன்று எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வடிவத்தின் பெயருக்கு அடுத்த இடம்தான்.

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் தரையில் பரப்பி இரண்டாகப் பிரிப்பது. வேறெங்கும் பிரதி இல்லாதவை ஒரு பக்கம்: கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்தபூர்த்தி, ஊர்க் கோயில் கும்பாபிஷேகம், உள்ளூர் நாடகம், தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த திருவையாறு ஆராதனைக் கச்சேரிகள். கடையில் விலைக்கு வாங்கிய திரைப்படங்கள் மறுபக்கம். இரண்டாவது குவியல் காத்திருக்கும், முதலாவது காத்திருக்காது.

கேசட்டுகள்: மாற்றலாமா என்பதல்ல, எப்போது என்பதே கேள்வி

காந்த நாடா டெல்டாவின் காற்றை விரும்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே ஓதம் காக்கும் வீடுகளில், நாடாவின் மேல் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கும். அதைவிட அடிக்கடி காணக்கூடியது பூஞ்சை. கேசட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மேலிருக்கும் சிறு கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். நல்ல நாடாவின் விளிம்பு கறுத்து வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். பூஞ்சை பிடித்த நாடாவில் வெள்ளைப் பொடியோ, ஆரக்கோடுகள் போன்ற வெண்திட்டுகளோ தெரியும். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கினால் வெளியே தெரியும் நாடாவில் மடிப்போ சுருக்கமோ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். வெண்மை தென்பட்ட கேசட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் பூஞ்சை, டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே உறையில் இட்டு, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

அவசரத்துக்கு இரண்டாவது காரணம் இயந்திரம். விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் பழைய டெக்குகளே. அவற்றின் ரப்பர் பெல்ட்டையும் ஹெட்டையும் மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். நாடா பிழைத்திருந்தாலும் ஓட்ட இயந்திரம் இல்லாத நிலை வருவதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

மாற்றித் தருபவரிடம் எல்லாக் கேசட்டையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க வேண்டாம். முதலில் ஒன்றைக் கொடுத்து, திரும்பி வந்த கோப்பைப் பார்த்த பிறகு மற்றவற்றைக் கொடுங்கள். டிவிடியாக அல்லாமல் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் பதிவான விஎச்எஸ்ஸுக்கு 720க்கு 576 புள்ளிகள் என்ற அளவே போதுமானது. அதை 1080க்கோ 4கேவுக்கோ இழுத்துப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னால், மறுத்துவிட்டு இயல்பான அளவிலேயே கேட்க வேண்டும். பெரிதாக்கும் வேலையை உங்கள் தொலைக்காட்சியே செய்துகொள்ளும். செயற்கை நுண்ணறிவு மூலம் முகங்களைத் தெளிவாக்கும் மென்பொருள்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாக இருப்பேன். அவை மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தைக் கற்பித்துப் பூசுகின்றன. மறைந்த பாட்டியின் முகம் வேறு யாரோ ஒருவரின் முகமாகத் தெளிவடைவதில் எந்தப் பயனும் இல்லை. ஆசைப்பட்டால் தனிப் பிரதியில் செய்து பார்க்கலாம், மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்க வேண்டும்.

வந்த கோப்பைச் சோதிக்கும்போது முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கல்யாணக் கேசட்டில் நேராக முகூர்த்தத்துக்குப் போங்கள். கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டும் அந்தச் சில நிமிடங்களைத்தான் குடும்பம் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்திருக்கும். நாடா மிகவும் தேய்ந்திருக்கும் இடமும் அதுவே. அங்கே படம் உடையாமல், நாகசுரம் கீச்சிடாமல் வந்திருந்தால் மற்ற இடங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முகங்கள் அகலமாக உப்பித் தெரிந்தால், பழைய தொலைக்காட்சித் திரையின் 4:3 வடிவப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டார்கள் என்று பொருள். திருத்தித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அக்காலத்து வீடியோகிராபர்கள் கல்யாணக் கேசட்டைத் தொகுக்கும்போது மேலே சினிமாப் பாட்டுகளைச் சேர்த்துவிடுவது வழக்கம். அடியில் இருந்த மந்திரமும் பேச்சும் அதில் மறைந்துபோகும். படமெடுத்தவர் இன்னும் ஊரில் இருந்தால், தொகுக்காத மாஸ்டர் கேசட் அவரிடம் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், உங்கள் வீட்டில் இருக்கும் பிரதியை விட்டுவிட்டு அதைத்தான் மாற்ற வேண்டும்.

கையடக்க வீடியோ கேமராக்களில் போட்ட சிறிய மினிடிவி கேசட்டுகள் உள்ளவர்களுக்கு வேலை எளிது. அதில் பதிவானதே டிஜிட்டல் என்பதால், ஃபயர்வயர் என்ற கம்பி இணைப்பு உள்ள கேமராவிலிருந்து தரம் சிறிதும் குறையாமல் கணினிக்கு எடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும்.

வீடியோகிராபர் எரித்துக் கொடுத்த டிவிடிகளையும் இந்தக் குவியலில்தான் சேர்க்க வேண்டும். வட்டைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனியில் அச்சிட்ட வட்டின் அடிப்புறம் வெள்ளியாக மின்னும். எரித்த வட்டு ஊதாச் சாயலில் இருக்கும். அந்தச் சாயல் ஒரு சாயப்பூச்சு, வெயிலிலும் சூட்டிலும் மங்கக்கூடியது. படிக்கும் நிலையில் இருக்கும்போதே கணினியில் போட்டுக் கோப்பாக எடுத்துவிடுங்கள்.

விலைக்கு வாங்கிய திரைப்படங்கள்

இங்கே அவசரம் இல்லை, ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பால் முறை விசிடியின் ஒரு பிரேமில் ஏறத்தாழ 1 லட்சம் புள்ளிகள், டிவிடியில் 4 லட்சம், ப்ளூ-ரேயில் 21 லட்சம், 4கே வட்டில் 83 லட்சம். விசிடி ஒன்றில் 74 நிமிடப் படம்தான் அடங்கும் என்பதால் இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படம் மூன்று வட்டாக வந்தது. பாட்டின் நடுவில் எழுந்து வட்டை மாற்றியவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்த ஒரு லட்சம் புள்ளியை 43 அங்குலத் திரையில் விரித்தால் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். எனவே மறுபடி பார்க்க விரும்பும் படம் விசிடியில் மட்டும் இருந்தால், நல்ல டிவிடி கிடைத்தாலே போதும், மாற்றிக்கொள்ளுங்கள். விசிடியைக் கோப்பாக மாற்றுவதால் தரம் ஒரு துளியும் கூடாது.

டிவிடியிலிருந்து மேலே போவது எல்லோருக்கும் தேவையில்லை. கூடத்தில் சோபாவுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். சாதாரணக் கண்பார்வைக்கு, 43 அங்குலத் திரையில் ப்ளூ-ரே அளவுப் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறிய ஆறு அடிக்குள்ளும், 55 அங்குலத் திரையில் ஏறத்தாழ ஏழு அடிக்குள்ளும் உட்கார வேண்டும். அதற்கு அப்பால் உட்காருபவர்களுக்கு 4கே வட்டின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டா. டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் உள்ள வேறுபாடு எட்டடியிலும் தெரியும் என்பதால், நடுத்தர அளவுத் திரை உள்ள வீட்டுக்கு ப்ளூ-ரேயோடு நிறுத்திக்கொள்வதே நியாயமான செலவு. 4கே வட்டின் மற்றொரு சிறப்பான எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை), ஒளி குறைந்த மலிவு விலைத் திரைகளில் முழுமையாக வெளிப்படுவதில்லை.

ஆனால் வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைவிட, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே முக்கியம். 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த பழைய படத்தின் நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்து, அதைப் புதிதாக ஸ்கேன் செய்து செப்பனிட்டிருந்தால் 4கே அளவுக்கு விவரம் கிடைக்கும். 1964இல் வெளிவந்த கர்ணன் செப்பனிடப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்குகளில் ஓடியது அப்படிப்பட்ட உழைப்பால்தான். மாறாக, தொலைக்காட்சிக்காக எப்போதோ எடுத்த பழைய வீடியோ மாஸ்டரையே பெரிதாக்கி ப்ளூ-ரே என்று விற்றால், கையிலுள்ள டிவிடியே போதும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: புதிய பதிப்பில் துணியின் நெசவும் தலைமுடியும் தெளிவாகவும், பிலிமின் இயற்கையான பொடிமணிகள் அசைந்தபடியும் தெரிந்தால் அது நேர்மையான ஸ்கேன். முகங்கள் மெழுகு பூசியதைப் போல வழுவழுவென்று இருந்தால் காசைச் சேமித்துக்கொள்ளுங்கள். 2000களின் பிற்பகுதியிலிருந்து வந்த படங்கள் பலவும் 2கே அளவில் முடிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றின் முழுத் தரத்தையும் ப்ளூ-ரேயே ஏறக்குறையத் தந்துவிடுகிறது.

படத்தின் அகலத்தையும் பாருங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல் வந்தது. அதன் பின் வந்த அகலத்திரைப் படங்களைப் பழைய கேசட்டுக்காகவும் விசிடிக்காகவும் 4:3 சட்டத்துக்குள் நிரப்பியபோது, பக்கவாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட படம் வெட்டுப்பட்டது. உங்களிடம் இருப்பது அப்படி வெட்டிய பதிப்பு என்றால், முழு அகலத்தில் வந்த டிவிடிகூடப் பெரிய முன்னேற்றமே.

பாட்டுக்காகப் படம் பார்ப்பவர்கள் நிறைந்த இந்தப் பக்கத்துக்கு உரிய ஒரு காரணமும் உண்டு. திரைப்படம் வினாடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. பால் முறை வீடியோ 25 பிரேமில் ஓடுகிறது. சுருதியைத் திருத்தாமல் மாற்றிய பதிப்புகளில் படம் 4 சதவீதம் வேகமாக ஓடி, 160 நிமிடப் படம் 154 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுருதியும் அரைக்கட்டையில் முக்கால் பங்கு அளவுக்கு ஏறிவிடும். வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டு வட்டில் ஒட்டாமல் ஒலிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ப்ளூ-ரே 24 பிரேமிலேயே ஓடக்கூடியது என்பதால் இந்தக் குறை நீங்கும். காது கூர்மையானவர்கள் உள்ள வீட்டில், பாட்டுக்காகவே வாங்கி வைத்த படங்களுக்கு இந்த ஒன்றே மாற்றுவதற்குப் போதிய காரணம்.

வெளிநாட்டு உறவினரை வாங்கி வரச் சொல்லும் முன் வட்டின் பகுதிக் குறியீட்டைக் கேளுங்கள். ப்ளூ-ரேயில் இந்தியா சி பகுதி. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. வளைகுடா நாடுகள் பி. குறியீடு பூட்டப்பட்ட வட்டை இங்கே வாங்கிய பிளேயர் ஏற்காது. 4கே வட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளேயரையும் யோசித்தே வாங்க வேண்டும். சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய ப்ளூ-ரே பிளேயர்களைத் தருவதை நிறுத்தியது. எல்ஜியும் 2024 இறுதியில் விலகியது. ஐந்தாறு படங்களுக்காக மட்டும் புதிதாக ஒரு பிளேயர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓடிடியில் இருக்கிறதே என்று வட்டுகளைத் தள்ளிவிடவும் வேண்டாம். உரிமம் முடிந்தால் படம் அங்கிருந்து எடுக்கப்படும். சில படங்களில் பாட்டோ காட்சியோ குறைந்த பதிப்பே கிடைக்கும். புதிய பதிப்பை ஒருமுறை முழுதாகப் பார்த்து, எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்த பின்னரே பழையதை யாருக்கேனும் கொடுக்கலாம்.

பிரதிகளை வைக்கும் இடம்

மாற்றிய குடும்பக் கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எழுதி, ஒன்றை டெல்டாவுக்கு வெளியே, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் மகன், மகள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகையிலிருந்து புதுக்கோட்டை வரை கூரைகளைப் பெயர்த்தபோது, ஒரே வீட்டில் வைத்த இரண்டு பிரதிகளும் ஒன்றாகவே நனைந்திருக்கும். மூன்று மணி நேரக் கேசட் பத்து இருந்தால், மினிடிவிக்கு இணையான தரத்தில் எடுத்தாலும் 400 ஜிபிக்குள் அடங்கும். 1 டெராபைட் டிஸ்க் போதும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்துத் திறந்து பாருங்கள். மூலக் கேசட்டுகளை எறியாமல், முழுதாகப் பின்சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் நிமிர்த்தி வையுங்கள்.

கேசட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிச் சோதிப்பதற்குத் தை முதல் ஆனி வரையிலான காய்ந்த மாதங்களே ஏற்றவை. ஐப்பசிக்குள் அந்த வேலையை முடித்துவிட்டால், எந்தப் படத்தை ப்ளூ-ரேயில் வாங்குவது என்பதை மழைக்காலத்தில் நிதானமாகப் பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.